சத்து கூடிப்போன கோழிகள்

என் கணவருக்கு உலகத்திலேயே பிடித்த சொல் "குறைபாடு". கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் பல வருடங்கள் மாத்திரைப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவர் அவர். டாக்டர்மார் எழுதும் கிறுக்கலை வாசிக்கத் தெரியும் என்பதாலேயே தன்னையும் பாதி டாக்டர் என்று நினைத்துக்கொண்டார். நாடே பெட்ரோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் கடை முதலாளி ஆட்களைக் குறைத்தார். இவரும் குறைந்தார். ஒரு பையில் உடுப்பும் இன்னொரு பையில் மாத்திரைகளுமாக, நாங்கள் இருந்த பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த முதல் வாரமே, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் முழுவதையும் பரிசோதித்து முடித்துவிட்டார். எனக்கு இரும்புச்சத்துக் குறைபாடு. அவருடைய அக்காவுக்குக் கல்சியக் குறைபாடு. பக்கத்து வீட்டு நாய்க்கு முடி கொட்டியதால் அதற்கும் ஏதோ ஒன்று. கோயில் பூசாரி விபூதி கொடுக்கக் கையை நீட்டியபோது நகத்தில் வெள்ளைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "ஐயா, ஒங்களுக்கு சிங்க் பத்தல" என்று சாமிக்கு முன்னாலேயே சொன்னார். பூசாரி அன்றைக்கு எனக்கு விபூதி தர மறந்துவிட்டார்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கொண்டுவந்து விடும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, துடைத்து, தூங்க வைக்கிற வேலை. அதில் துடைப்பதுதான் அதிகம். மதினி, அதாவது என் கணவரின் அக்கா, கொழுந்து பறிக்கிறவர். புருஷன் செத்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. கணவருக்கு இல்லை. காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று எங்கள் குடையைச் சரிபார்ப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். அதனால்தான் முட்டைக் கோழி வளர்க்கலாம் என்று அவர் சொன்னபோது நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

லயத்துக்குப் பின்னால் தக்காளியும் போஞ்சியுமாக மரக்கறி போட்டிருந்த நிலத்துண்டின் ஒரு மூலையில் பழைய தகரமும் பலகையும் வைத்துக் கூடு கட்டினார். நன்றாகத்தான் கட்டினார். கோழிகள் வந்தன. பழுப்பு நிறம், சிவந்த கொண்டை, எல்லாம் ஒரே மாதிரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல. வேலையையும் அவரே பிரித்துக் கொடுத்தார். தீனி அவர் பொறுப்பு. தண்ணீர் மதினி பொறுப்பு. பீ என் பொறுப்பு. "நீ பழகுனவ தானே" என்றார். பகலெல்லாம் மனுசப் பிள்ளைகளின் பின்பக்கத்தையும், சாயங்காலமானால் கோழிகளின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் ஒன்றுதான், கோழிகளுக்குத் தாய்மார் வந்து சண்டை பிடிக்கவில்லை.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. முட்டை வந்தது. லயத்து ஆட்கள் வாசலில் வந்து வாங்கினார்கள். கணவர் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பிறகு முட்டை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கியது. கோழிகள் தீனியைக் கொத்திப் பார்த்துவிட்டு, உப்பில்லாத கறியைப் பார்த்த மாமியார் போல ஒதுங்கிப் போய் நின்றன. எச்சம் தண்ணீராகப் போனது. முதலில் பச்சை. பிறகு கறுப்பு. பீ என் இலாகா என்பதால் இதையெல்லாம் முதலில் பார்த்தது நான்தான்.

"ஏங்க, கோழிக்கு வயிறு சரியில்லீங்க. கறுப்பாப் போகுது" என்றேன்.

அவர் யோசித்தார். யோசிக்கும்போது மருந்துக் கடைக் கவுண்டரில் கை ஊன்றி நிற்பது போலவே நிற்பார். "ஒன் பிள்ளைக் காம்பராவுல பிள்ளைங்களுக்கு வயித்தால போகுதுன்னு சொன்னியே?"

"அது போன கெழமை."

"அந்தக் கிருமியத்தான் நீ இங்க கொண்டாந்திருக்க."

அதோடு நான் கூட்டுக்குள் போவது தடை செய்யப்பட்டது. பீ அள்ளுவதிலிருந்து ஒருவரை விலக்கி வைப்பது தண்டனையா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் கோபம் வந்தது உண்மை. நான் சோப்புப் போட்டுக் கழுவுகிற மாதிரி அந்த லயத்தில் யாரும் கை கழுவுவதில்லை. ஒரு பழியோடு சாயங்காலத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது அத்தனை சுகமாக இல்லை.

மதினிக்கு வேறு கருத்து. "கண்ணூறுடி. முட்டை வாங்க வந்தவளுக எல்லாம் கூட்டயே பாத்துக்கிட்டு நின்னாளுக." செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கூட்டைச் சுற்றி, வாசலிலேயே நெருப்பில் போட்டார். காற்று உள்பக்கமாக அடித்தது. கோழிகள் எல்லாம் தும்மின. கோழி தும்மும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கண்ணூறு போகவில்லை என்றதும், தோட்டத்து முனியாண்டியிடம் போய், கோழிகளைக் காப்பாற்றினால் ஒரு கோழி தருவதாக நேர்ந்துகொண்டு வந்தார். இந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கோழிகளிடம் யாரும் கேட்கவில்லை.

ஒரு காலையில் இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. மூன்றாவது ஒன்று மூலையில் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தது. கணவர் அதன் முன்னால் குந்தியிருந்தார். கொழும்பிலிருந்து வந்த நாளில்கூட அவர் அப்படி உட்கார்ந்திருந்து நான் பார்க்கவில்லை.

"பண்டாரவளைக்குக் கொண்டு போய் டாக்டர்கிட்ட காட்டுறேன்" என்றேன்.

"என்னத்தக் காட்ட? சத்துக் கொறைபாடுதான். நான் சரி பண்ணிருவேன்."

"நீங்க சரி பண்ணுங்க. நான் இத மட்டும் கொண்டு போறேன்."

பிஸ்கட் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, கோழியை உள்ளே வைத்து, கயிறு கட்டி, பஸ் ஏறினேன். அன்றைக்கென்று பஸ்ஸில் நல்ல கூட்டம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சாமிப் படம் கொண்டு போகிறவள் மாதிரி முகத்தை வைத்திருந்தேன். முதல் பெரிய வளைவிலேயே பெட்டியின் அடி நனைந்தது. இரண்டாவது வளைவில் என் பாவாடைக்கு வந்தது. வாசம் முன் சீட்டு வரைக்கும் போனது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "அக்கா, பெட்டி ஒழுகுது."

"மரக்கறிங்க" என்றேன்.

பெட்டிக்குள்ளிருந்து மரக்கறி "கொக்" என்றது. பின்னால் இருந்த பொம்பளைகள் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் எனக்குப் பக்கத்து ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டார். பண்டாரவளை வரைக்கும் எனக்கு வலப்பக்கம் குளிர், இடப்பக்கம் வெட்கம்.

அரசாங்க மிருக வைத்தியர் கந்தோரில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். குளிர் தாங்காமல் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தார். நான் பெட்டியைத் திறந்தபோது கோழி செத்திருந்தது. நான் அதன் சிறகைத் தொட்டு அசைத்துப் பார்த்தேன். இவ்வளவு தூரம் என் மடியிலேயே வந்து, என் பாவாடையையும் நாசமாக்கிவிட்டு, வாசலுக்கு வந்ததும் போய்விட்டதே என்று இருந்தது எனக்கு.

"பரவாயில்லை. செத்ததும் நல்லதுதான், உடனை வெட்டிப் பார்க்கலாம்" என்றார் டாக்டர். ஆறுதல் சொல்லும் விதம் அவருக்கு அப்படித்தான் வந்தது.

மேசையில் வைத்து வெட்டினார். நான் நகர்ந்து நிற்கவில்லை. கோழி வெட்டாத வீட்டில் பிறந்தவளா நான்? ஆனால் நான் அதுவரை கோழிக்குள்ளே பார்த்தது கறிக்காகத்தான். இவர் பார்ப்பதற்காகப் பார்த்தார். குழம்பில் நறநறவென்று மெல்லுவோமே, அந்த இரைப்பையை இரண்டாகப் பிளந்து காட்டினார். உள்பக்கத்தில் மஞ்சளாக ஒரு தடித்த தோல் இருக்கும், சமைக்கும்போது உரித்து எறிவோம். இதில் அந்தத் தோல் வெடித்து, கறுத்து, பழைய சுவரில் சுண்ணாம்பு கழன்றது மாதிரி தானாகவே கழன்று கிடந்தது. அடியில் புண். குடல் நனைந்த காகிதம் மாதிரி மெலிந்திருந்தது. உள்ளே சாப்பாடே இல்லை, வெறும் பச்சைத் தண்ணீர்.

"என்ன தீன் போடுறனீங்கள்?"

"கடைத் தீனிங்க. பண்டாரவளையிலதான் வாங்குறோம்."

"தண்ணி?"

"பீலித் தண்ணிங்க. மலையிலருந்து கொழாயில வர்றது."

"வேறை ஒண்டும் குடுக்கிறேல்லையோ?"

"இல்லீங்க."

டாக்டர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இஞ்ச பாருங்கோ. இது தொத்து வருத்தம் மாதிரி எனக்குத் தெரியேல்லை. வயித்துக்கை ஏதோ போய் அரிச்சிருக்கு. பச்சை நிறத்தையும் பாக்க, செம்பு மாதிரி ஏதோ கூடிப் போயிருக்கு எண்டுதான் நினைக்கிறன். வீட்டில ஆரோ என்னவோ போடுகினம். போய்க் கேளுங்கோ. நான் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் மாடு பார்க்க வருவன், அப்ப வாறன்."

தொத்து வருத்தம் இல்லை, அதாவது தொற்றுநோய் இல்லை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் பறந்தேன். பிள்ளைக் காம்பராவும் நானும் நிரபராதிகள்.

முதலில் மதினியைக் கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். உள்ளே நீலக் கல் உடைத்த மாதிரி பளபளவென்று மயில்துத்தம். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற ஆள் கொடுத்ததாம். தண்ணீரில் கொஞ்சம் கரைத்து விட்டால் வயிற்றுப் பூச்சி சாகும், கோழி திடமாகும் என்று சொன்னாராம்.

"மொதல்ல ஒரு துண்டுதான் போட்டேன். கோழி வாடிச்சு. அப்பறம் கூடப் போட்டேன்" என்றார் மதினி. "தம்பிதான் எல்லாத்தையும் பாக்குறான், எனக்கு வெறும் தண்ணி ஊத்துற வேலதானேன்னு இருந்துச்சு. நானும் ஏதாச்சும் செய்யணும்ல?"

கணவர் பாய்ந்து வந்தார். "வெசத்தக் கலக்கி ஊத்திருக்கியே அக்கா! படிக்காத ஆளுக கையில குடுத்தா இப்பிடித்தான்!"

மதினிக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. "நீங்க தீனியில என்னா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"நான் போடுறது சத்து."

"என்னா சத்து?"

அவர் கண் கூட்டுப் பக்கம் போனது. நானே கூட்டுக்குப் பின்னால் போய்த் தேடினேன். தீனி மூட்டைக்குக் கீழே ஒரு பால்மா டின். திறந்தால் வெள்ளைத் தூள். கோழிகளுக்கான கனியுப்புக் கலவை, அதாவது மினரல் தூள், கூடவே அவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிங்க் மாத்திரைகளை அம்மியில் அரைத்த பொடி. மசாலா அரைக்கிற எங்கள் அம்மியில். சில நாளாகத் தேங்காய்ச் சம்பல் ஏன் நாணயத்தை நக்கிய மாதிரி இருக்கிறது என்று நான் குழம்பியதற்கும் விடை கிடைத்தது.

"எவ்ளோ போட்டீங்க?"

"மொதல்ல ஒரு கரண்டி. முட்டை கொறஞ்சிச்சு. அதான்..."

"அதான் கூடப் போட்டீங்க."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோழி வாட வாட ஒருவர் தீனியில் கூட்டியிருக்கிறார், மற்றவர் தண்ணீரில் கூட்டியிருக்கிறார். கூட்டக் கூட்ட கோழி வாடியிருக்கிறது. ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இதற்கு மேல் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. மதினிதான் முதலில் சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கூட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். லயமே கூடிவிட்டது. டின்னையும் பொட்டலத்தையும் காட்டினோம். தீனி மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்துவிட்டு, அதிலேயே கோழிக்கு வேண்டிய கனியுப்பு எல்லாம் இருக்கிறது என்றார்.

"மயில்துத்தம் எண்டாலே செம்பு உப்புத்தான். உங்கட தூளிலயும் செம்பும் நாகமும் கிடக்கு. அதுக்கு மேல மாத்திரை வேறை. நாகம் கூடிப் போச்சு. அதாலதான் கோழி முட்டையை நிப்பாட்டினது."

மதினி நெஞ்சில் கை வைத்தார். "நாகமா? நான் அப்பவே நெனச்சேன். கூட்டுக்குள்ள வந்துச்சா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "ஓம், நீங்கள்தானே உள்ளுக்கை விட்டனீங்கள்."

"ஐயோ, நான் ஏன்ம்மா பாம்ப உள்ள விடப்போறேன்!"

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் சிங்க்குக்கு நாகம் என்றுதான் பெயராம். இது தெளிவாவதற்குள் லயத்துப் பிள்ளைகள் தடியோடு கூட்டைச் சுற்றி வந்துவிட்டார்கள். இரண்டு பேர் கூரை மேல் ஏறிவிட்டார்கள்.

அமளி அடங்கியதும் டாக்டர் என் கணவரிடம் நேராகச் சொன்னார். "குடலுக்குள்ள நல்ல கிருமியும் இருக்கு, கூடாததும் இருக்கு. நல்லதுதான் தீனைச் செமிக்கப் பண்ணும், கூடாததை அடக்கி வைச்சிருக்கும். செம்பும் நாகமும் அளவுக்கு மிஞ்சினா ஆள் பார்க்காமல் ரெண்டையும் அடிக்கும். பேந்து குடல் புண்ணாகும். தின்னாது. தின்னாட்டி முட்டை எங்கால வாறது? இது குறைஞ்சு வந்த வருத்தமில்லை, கூடி வந்த வருத்தம். விளங்குதோ?"

"கூடி வருமா?" என்றார் கணவர். அந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே கேட்டார். அத்தனை வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றவரிடம் யாரும் வந்து எனக்குக் கூடிப்போய்விட்டது, குறைக்க ஏதாவது கொடு என்று கேட்டதில்லை போலும்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் இந்த மாத்திரை போடுறனீங்களோ?"

கணவர் கூரைத் தகரத்தைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். "காலையில ஒன்னு, ராத்திரிக்கு ஒன்னுங்க. வயிறு எரியுதுன்னு அதுக்கும் ஒரு மாத்திரை போடுறார்."

"நான் கோழி டாக்டர். மனுசருக்கு மருந்து சொல்லேலாது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேளுங்கோ" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, கையோடு, "ஆனா நானெண்டா நிப்பாட்டுவன்" என்றார்.

கோழிகளுக்கு வைத்தியம் மிக எளிது. ஒன்றும் போடக் கூடாது. நல்ல தீனி, நல்ல தண்ணீர், அவ்வளவுதான். கணவருக்கு இதைவிடக் கொடுமையான மருந்து இருக்க முடியாது. காலையில் தீனியைக் கொட்டிவிட்டு வெறும் கையோடு நிற்பார். கை தானாகவே டின்னைத் தேடும். மதினியின் நிலைமையும் அதுதான். இரண்டு பேரும் கூட்டுக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒன்றும் செய்யாமல் இருப்பதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த நாட்களில் அவரோடு நான் கொஞ்சம் பேசினேன். கொழும்பு முதலாளி ஆட்களைக் குறைத்தபோது, இவரைவிடப் பிந்தி வந்த பையன்களை வைத்துக்கொண்டு இவரை அனுப்பினாராம். ஏன் என்று கேட்கவில்லையாம். "என்னமோ எங்கிட்ட ஒன்னு பத்தலன்னுதானே அனுப்பிருப்பாரு" என்றார். நான் அப்போது உரித்துக்கொண்டிருந்த வெங்காயம் கண்ணீருக்கு வசதியாக இருந்தது. "அவருக்குத்தான் மூளை பத்தல" என்றேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அதனால் அடுத்த நாள் அவர் அம்மியைத் தானே தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்து, மசாலாவும் அரைத்துக் கொடுத்தார். நான் மறுபடியும் கூட்டுக்குள் போக ஆரம்பித்தேன். யாரும் தடுக்கவில்லை. தடை நீங்கியதில் எனக்கு என்ன லாபம் என்பது வேறு கதை.

கோழிகள் ஒரேயடியாகத் தேறவில்லை. இன்னும் சில செத்தன. மிச்சமிருந்தவை எல்லாம் இறகு கொட்டத் தொடங்கின. கூடிப்போன நாகத்தின் வேலை அது என்று டாக்டர் போனில் சொன்னார், புது இறகு முளைத்த பிறகுதான் முட்டை வருமாம். பூனாகலைக் குளிரில், பனிமூட்டத்துக்குள்ளே, பாதி நிர்வாணமாக நடுங்கிக்கொண்டு நின்ற கோழிகளைப் பார்க்க லயத்து ஆட்கள் வேலை விட்டு வரும் வழியில் நின்று போனார்கள். "என்னா, உசிரோடயே உரிச்சு வச்சிருக்கீங்களா?" என்று ஒருவர் கேட்டார். கணவர் கூட்டுக்குச் சாக்குத் தைத்து மாட்டினார். மதினி உள்ளே ஒரு பல்பு போட்டுக் கொடுத்தார். இரண்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் நடந்தது. இப்போதெல்லாம் அவர்கள் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. ஒரு கோழி தும்மினால்கூடப் போன் போகும். டாக்டர் எங்கள் நம்பரைப் பார்த்ததும் எடுக்காமல் விடப் பழகிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் எச்சம் கட்டியாயிற்று. அந்தச் செய்தியை நான்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தார்கள். பிறகு கழுத்தில் இறகு முளைத்தது. கொண்டை சிவந்தது. ஒரு காலையில் வைக்கோலில் ஒரு முட்டை கிடந்தது. சின்னது, ஓடு மெல்லிசு, எடுக்கும்போதே ஒரு பக்கம் நெளிந்தது. யாருக்கும் விற்க முடியாது. பொரித்து மூன்றாகப் பிரித்துச் சாப்பிட்டோம். மதினி தன் பங்கைக் கடைசி வரை வைத்திருந்து சாப்பிட்டார்.

முட்டைகள் பழையபடி வரத் தொடங்கிய பிறகு டாக்டர் ஒருநாள் எங்கள் பக்கம் வந்தார். யாரோ வீட்டில் பசு கன்று போட்டிருந்தது. திரும்பும் வழியில் எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, கூட்டை எட்டிப் பார்த்து, "இப்ப கோழி மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். குளிரை நன்றாகத் திட்டினார். மதினிக்கு அவர் மேல் பெரிய அன்பு வந்துவிட்டது. கொழுத்த கோழி ஒன்றைக் காலைக் கட்டிக் கொண்டு வந்து முன்னால் வைத்தார்.

"கொழம்பு வச்சுச் சாப்பிடுங்கம்மா."

டாக்டர் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ, வேண்டாம். நான் கோழி சாப்பிடுறேல்லை."

"சைவமா?"

"இல்லை, மீன் சாப்பிடுவன். கோழியெண்டா ஏலாது. நாள் முழுக்க அதின்ரை குடலைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறன்."

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். "இவளும்தான் நாள் முழுக்கப் பிள்ளைங்களோடதப் பாக்குறா. சோத்துல ஒரு கொறையும் வக்கிறதில்ல."

டாக்டர் சிரித்ததில் தேத்தண்ணி புரையேறியது. கணவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். டாக்டர் போகும்போது கோழிக்குப் பதிலாகக் கொஞ்சம் போஞ்சியும் ஒரு பை முட்டையும் வாங்கிக்கொண்டார். முட்டை ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துத்தான் பையில் போட்டார். காலில் இருந்த கயிற்றை அவிழ்த்ததும் கோழி மதினியின் புறங்கையில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கூட்டுக்கு ஓடியது.